சிவப்பும் பித்தளையும்: மாக்கி எம்.சி.72 பந்தய விமானத்தை மரத்தில் செய்த அனுபவம்

சக்கரங்களுக்குப் பதில் மிதவைகள் கொண்ட இத்தாலியப் பந்தய விமானம் மாக்கி எம்.சி.72. பதினான்கு மாதங்களாக என் வேலை மேசையை விட்டு இறங்காமல் இருந்த அதன் மாதிரி சென்ற வாரம் முடிந்தது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 79 சென்டிமீட்டர். மூக்கிலிருந்து வால்வரை 69.3 சென்டிமீட்டர். அசல் விமானத்தின் அளவுகள் முறையே 9.48 மீட்டரும் 8.32 மீட்டரும் என்பதால், இது சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு. மரம், பித்தளைத் தகடு, இரண்டு சிறிய மோட்டார்கள், ஈயக்குண்டுகள், நிறையச் சிவப்பு வண்ணம் ஆகியவற்றால் ஆனது. வேலையின் போக்கையும், நேர்ந்த தவறுகளையும், அவற்றைச் சரிசெய்த விதத்தையும் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உலகின் மிக வேகமான விமானங்கள் தண்ணீரிலிருந்தே கிளம்பின என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். மிதவைகள் கனமானவை, காற்றைத் தடுப்பவை. ஆனாலும் அவை ஒரு பெரிய விடுதலையைத் தந்தன. வேகத்துக்காகச் செய்த சிறிய இறக்கையும், இதழ்களின் கோணத்தை மாற்ற முடியாத புரொப்பெல்லரும் கொண்ட விமானம் கிளம்புவதற்கு மிக நீண்ட ஓட்டம் தேவை. அன்றைய புல்வெளி விமானத் தளங்கள் அதற்குப் போதவில்லை. ஏரியும் கடலும் போதின. 1913இல் மொனாக்கோவில் தொடங்கிய ஷ்னைடர் கோப்பைப் போட்டி இந்த விமானங்களின் முதன்மைக் களமாக இருந்தது. ஐந்தாண்டுகளுக்குள் மூன்று முறை வெல்லும் நாட்டுக்குக் கோப்பை நிரந்தரச் சொந்தம் என்பது விதி. 1927, 1929, 1931 ஆகிய ஆண்டுகளில் சூப்பர்மெரின் விமானங்களைக் கொண்டு பிரிட்டன் வென்று அதை வைத்துக்கொண்டது.

அந்த 1931ஆம் ஆண்டுப் போட்டிக்காகவே மாரியோ கஸ்தோல்தி எம்.சி.72ஐ வடிவமைத்தார். விமானம் நேரத்துக்குத் தயாராகவில்லை. சோதனைப் பறப்பில் ஆகஸ்ட் 2 அன்று விமானி ஜொவான்னி மோந்தி உயிரிழந்தார். செப்டம்பரில் ஸ்தானிஸ்லாவோ பெல்லீனியும் இறந்தார். கோப்பை கைவிட்டுப் போன பிறகும் இத்தாலியர்கள் அந்த விமானத்தைக் கைவிடவில்லை. மூன்று ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்து, 1934 அக்டோபர் 23 அன்று கார்டா ஏரியின் தெசென்சானோவில் பிரான்செஸ்கோ அஜெல்லோ அதை மணிக்கு 709.209 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். சக்கரம் கொண்ட விமானங்களையும் சேர்த்து உலகிலேயே அதுதான் அன்று உச்சவேகம். 1939வரை யாரும் அதைத் தாண்டவில்லை. பிஸ்டன் இன்ஜின் பூட்டிய கடல்விமானங்களுக்குள் அந்தச் சாதனை இன்றும் அப்படியே நிற்கிறது. போட்டியில் ஒருமுறைகூடக் கலந்துகொள்ளாத ஒரு விமானத்தை நான் செய்யத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த விடாமுயற்சியின்மேல் எனக்குள்ள மதிப்பே காரணம்.

உடற்பகுதிக்குக் குமிழ மரத்தை எடுத்துக்கொண்டேன். கனம் குறைவு, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் முறுக்கிக்கொள்ளாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே பழுப்புக் காகிதம் வைத்துப் பசையிட்டு ஒட்டி, ஒரே கட்டையாக வடிவம் செதுக்கிய பிறகு, காகிதம் இருக்கும் இடத்தில் உளியைச் செருகித் தட்டினால் கட்டை நேர்பாதியாகப் பிளந்துவிடும். உட்புறத்தைக் குடைந்தெடுத்து மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். வார்ப்படத்துக்கு அச்சு செய்யும் தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. அசல் விமானத்தில் உடலின் முன்பகுதி உலோகம், பின்பகுதி மரம். வால்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வரேசே ஏரிக்கரைத் தொழிற்சாலையிலும் யாரோ ஒருவர் இதே வளைவை மரத்தில் தடவிப் பார்த்திருப்பார் என்ற எண்ணம் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

உடல் இவ்வளவு ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் அதன் ஃபியட் ஏ.எஸ்.6 இன்ஜின். திறனை இரட்டிப்பாக்க வேண்டும்; ஆனால் காற்றை எதிர்கொள்ளும் முகப்பு பெரிதாகக் கூடாது. இதற்கு ஃபியட் பொறியாளர் த்ரான்கில்லோ சேர்பி கண்ட வழி, பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட இரண்டு வி-வடிவ இன்ஜின்களை ஒன்றன்பின் ஒன்றாக முதுகோடு முதுகு சேர்த்து வைப்பது. மொத்தம் 24 சிலிண்டர்கள், 50 லிட்டருக்குச் சற்று மேலான கொள்ளளவு, சாதனைப் பறப்பின்போது சுமார் 3,100 குதிரைத்திறன். முகப்பு மட்டும் ஒற்றை இன்ஜினுக்கு உரியது. இரண்டு இன்ஜின்களும் தனித்தனியாக ஒவ்வொரு புரொப்பெல்லரைச் சுற்றின. ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் இரண்டு தண்டுகள் முன் இன்ஜினின் வி-வடிவப் பள்ளத்தின் வழியே மூக்குவரை வந்தன. இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழன்றன.

இந்த அமைப்பின் அருமை என் கையாலேயே எனக்குப் புரிந்தது. குடைந்தெடுத்த உடலுக்குள் 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மோட்டார்களைப் பக்கம் பக்கமாக வைக்க இடமில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், பின்மோட்டாரின் தண்டு முன்மோட்டாரைத் தாண்டிச் செல்ல வழி வேண்டும். முன்மோட்டாரைச் சற்றுக் கீழே இறக்கி, அதன் தலைக்கு மேலே தண்டைக் கொண்டுபோனேன். அதைச் செய்து முடித்த பிறகுதான், சேர்பி வி-வடிவப் பள்ளத்தைப் பயன்படுத்திய அதே தீர்வுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. உள்தண்டு 2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. அதன்மேல் 4 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய். குழாயின் இரு முனைகளிலும் தண்டைத் தாங்கச் சிறு புஷ்கள். பின்மோட்டார் உள்தண்டை நேராகச் சுற்றும். முன்மோட்டார் ஒரு ஜோடிப் பல்சக்கரங்கள் வழியாக வெளிக்குழாயைச் சுற்றும்.

முதல் முறை ஓட்டியபோது மூக்கே நடுங்கியது. பல்சக்கரத்தைக் குழாயில் ஈயம் வைத்துப் பற்றவைத்தபோது சூட்டில் குழாய் வளைந்திருந்தது. டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் நடுவில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு உள்தண்டைப் பிடித்து இழுத்தது. அடுத்த தெருவில் லேத் பட்டறை நடத்தும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வளைஞ்ச குழாயை நிமித்த வேண்டாம் தம்பி, புதுசா வெட்டிக்க. சக்கரத்துல குட்டியா ஒரு ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கு, நெருப்பே காட்டாதே" என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். இப்போது இரண்டு தண்டுகளும் விரலால் தட்டினால் தனித்தனியே நின்று நிதானித்துச் சுழல்கின்றன.

இறக்கைதான் இந்த வேலையின் இதயம். எம்.சி.72இன் படத்தைப் பார்த்த எவரும் மறக்காதது, இரத்தச் சிவப்பு உடலுக்கு இருபுறமும் பளபளக்கும் பித்தளை நிற இறக்கைகள். அது அலங்காரம் அல்ல. சாதாரண ரேடியேட்டரைக் காற்றில் நீட்டினால் அது காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்றுவிடும். ஆகவே இறக்கையின் மேற்பரப்பும் அடிப்பரப்புமே ரேடியேட்டராக மாற்றப்பட்டன. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கிச் செல்லும் தட்டையான மெல்லிய குழாய்களுக்குள் இன்ஜினின் வெந்நீர் ஓடியது. அதுவும் போதாமல் மிதவைகளின் பரப்பிலும், அவற்றைத் தாங்கும் கால்களின் முன்விளிம்பிலும் குளிரூட்டும் பரப்புகள் அமைக்கப்பட்டன. வெளியே தெரியும் தோலில் சும்மா இருந்த இடம் மிகக் குறைவு. பிரிட்டனின் சூப்பர்மெரின் எஸ்.6பியிலும் இறக்கைத் தோலே ரேடியேட்டர்தான். ஆனால் அங்கே அது வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும். கஸ்தோல்தியின் விமானம் தன் வேலையை வெளிப்படையாகக் காட்டுகிறது. எனக்கு அதன் அழகு அங்கேதான் இருக்கிறது.

எனவே வண்ணம் பூசி ஏமாற்ற மனம் வரவில்லை. இயந்திரப் பட்டறைகளில் ஷிம் தகடு என்று விற்கும் 0.1 மில்லிமீட்டர் பித்தளையை வாங்கி, எஃகு அளவுகோலை வைத்து, நுனி மழுக்கிய ஊசியால் 1.5 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாக அழுத்தினேன். ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 230 கோடுகள்; நான்கு பரப்புகளுக்கும் சேர்த்துத் தொள்ளாயிரத்துக்கு மேல். ஒவ்வொரு கோடும் தகட்டைச் சிறிது இறுக்குவதால், ஐம்பது கோடுகளுக்குப் பிறகு தகடு வாழையிலைபோல் சுருண்டுகொள்ளும். அப்போது ஸ்பிரிட் விளக்கின் மேல் மெல்லக் காட்டிச் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் இளகும். ஒரு நாளைக்கு நாற்பது கோடுகளுக்கு மேல் போட்டால் கை தளர்ந்து இடைவெளி பிசகுகிறது என்பதைக் கண்டுகொண்டு, மாலைதோறும் நாற்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரே தகடாக வெட்டி, செருப்புத் தைக்கும் கடைகளில் பயன்படுத்தும் ரப்பர் பசையால் முழுவதும் ஒட்டினேன். தை மாதத்தில் ஒட்டியது அழகாகப் படிந்திருந்தது. சித்திரையில் ஒரு நாள் பிற்பகல் பட்டறைக் கதவைத் திறந்தபோது, இடது இறக்கையின் மேல்தகடு மூன்று இடங்களில் அலைபோல் எழும்பி நின்றது. கணக்குப் போட்டுப் பார்த்ததில் காரணம் தெளிவாயிற்று. 35 சென்டிமீட்டர் நீளமுள்ள பித்தளை, வெப்பம் 20 டிகிரி ஏறினால் சுமார் 0.13 மில்லிமீட்டர் நீளும். மரம் இழைவாக்கில் அதில் நான்கில் ஒரு பங்குகூட நீளாது. மிச்ச நீளத்துக்குப் போக இடமில்லாததால் தகடு மேலே எழும்புகிறது. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும் உலோகத் தோலை இறக்கைக்குப் போர்த்துவது எவ்வளவு கடினமான பொறியியல் என்பதை இந்த பத்தில் ஒரு மில்லிமீட்டர் எனக்குக் காட்டியது. அசலில் அந்தத் தோலுக்குள் இன்ஜினின் வெந்நீரே ஓடியது.

நான்கு தகடுகளையும் உரித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். இம்முறை ஒவ்வொரு பரப்பையும் ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள ஐந்து துண்டுகளாக்கி, துண்டுகளுக்கு இடையே ஒரு முடியளவு இடைவெளி விட்டேன். அது அழுத்திய கோட்டோடு கோடாக மறைந்துவிடுகிறது. முன்விளிம்பில் மட்டும் கெட்டியான எபாக்ஸி; மற்ற இடங்களில் காய்ந்த பின்னும் நெகிழும் சிலிக்கான் பசை, அதுவும் மெல்லிய பூச்சாக. அந்தக் கோடையின் மிச்சத்தையும் தாண்டிவிட்டது, எங்கும் எழும்பவில்லை.

பித்தளையைத் துலக்குவதில் ஒரு சிறு எச்சரிக்கை. கைரேகை பட்ட இடங்கள் ஒரு வாரத்தில் கறுத்ததால், வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியைக் கரைத்துத் தடவினேன். உடனே கழுவிய பகுதி தங்கம்போல் ஆயிற்று. தொலைபேசி வந்து பத்து நிமிடம் ஊறவிட்ட ஒரு பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டது. அமிலம் மேற்பரப்பில் உள்ள துத்தநாகத்தைத் தின்று செம்பை மட்டும் விட்டுவைத்ததன் விளைவு அது. நுண்ணிய மெருகுப் பசையால் அரை மணி நேரம் தேய்த்து அதைப் போக்கினேன். பிறகு கையுறை இல்லாமல் இறக்கையைத் தொடவில்லை. இரண்டு பூச்சு நிறமற்ற வார்னிஷ் அடித்த பிறகே நிம்மதி வந்தது.

இழுகம்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இறக்கையை உடலோடும் மிதவைகளோடும் இழுத்துக் கட்டும் கம்பிகள் அசலில் காற்றைக் கிழிக்கும் தட்டை வடிவம் கொண்டவை. தெரிந்த நகைப்பட்டறை ஒன்றில் மெல்லிய எஃகுக் கம்பியை உருளைகளுக்கு இடையே விட்டுத் தட்டையாக்கித் தந்தார்கள். வண்ணம்: சாம்பல் நிற பிரைமர், பட்டி பார்த்தல், நான்கு பூச்சுச் சிவப்பு எனாமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரமான உப்புத்தாள்.

மிதவைகளுக்கு வருகிறேன். நான் இந்த விமானத்தைத் தண்ணீரில் விட விரும்பியது பொழுதுபோக்குக்காக அல்ல. ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒற்றைப் புரொப்பெல்லரை இன்ஜின் ஒரு பக்கம் சுற்றும்போது, விமானத்தின் உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். தரையில் ஓடும் விமானத்தில் அதைச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். மிதவை விமானத்தில் ஒரு மிதவை தண்ணீருக்குள் அழுந்தும். அழுந்திய பக்கம் தடை கூடி, விமானம் அந்தப் பக்கமே திரும்பும். 1927இல் வெனிஸில் வென்ற சூப்பர்மெரின் எஸ்.5இல் அதன் வடிவமைப்பாளர் ரெஜினால்ட் மிட்செல் இதற்காகவே எரிபொருளை வலது மிதவைக்குள் வைத்தார். எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள் இந்தச் சிக்கலை வேரோடு நீக்குகின்றன. அதை எவ்வளவு தூரம் நீக்குகின்றன என்பதே என் கேள்வி.

முதலில் எடை. நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்றால் எடை 12 × 12 × 12, அதாவது 1,728இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். அசல், கிளம்பும்போது சுமார் 3 டன். ஆகவே மாதிரி 1.74 கிலோ இருந்தால்தான் மிதவைகள் சரியான ஆழத்தில் அமரும். பேட்டரியோடு நிறுத்தபோது 1.42 கிலோ வந்தது. மீதி 320 கிராமில் 170 கிராமை மிதவைகளுக்குள் ஈயக்குண்டுகளாகச் சமமாகப் பிரித்து வைத்து, 150 கிராமைத் தனி ஈயக்கட்டியாக உடலின் நடுவில் வைத்தேன். அந்தக் கட்டியைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு.

அசலின் 3,100 குதிரைத்திறனும் ஒரே புரொப்பெல்லரில், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், உண்டாகும் முறுக்குவிசை ஒரு மீட்டர் நீளக் கோலின் முனையில் ஒரு டன்னுக்கு மேல் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். மூன்று டன் விமானத்துக்கு இது பயங்கரமான திருகல். மாதிரியின் அளவுக்கு அதைச் சுருக்கினால், நடுக்கோட்டிலிருந்து 36 சென்டிமீட்டர் தள்ளி 150 கிராம் எடையை வைப்பதாக ஆகிறது. என் மோட்டார்களுக்கு அவ்வளவு வலு இல்லை, ஈயக்கட்டிக்கு உண்டு.

மொட்டைமாடியில் உள்ள சிமெண்டுத் தொட்டியில், காற்றில்லாத விடியற்காலையில் சோதனை. ஈயக்கட்டி நடுவில் இருந்தபோது இரண்டு இறக்கை நுனிகளும் தண்ணீரிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தன. வாலை நூலால் கட்டிவிட்டுப் பின்மோட்டாரை மட்டும் ஓட்டினேன். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் அந்தப் புரொப்பெல்லர், இடது மிதவையை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அழுத்தியது. மூக்கு மெல்ல இடப்பக்கம் திரும்பி நூல் சாய்ந்தது. முன்மோட்டாரையும் சேர்த்து ஓட்டி, இரண்டின் வேகத்தையும் சமப்படுத்தியதும், யாரோ உள்ளங்கையால் தூக்கிவிட்டதுபோல இடது மிதவை எழுந்து மட்டமாயிற்று. நூல் நேராக விறைத்தது. அந்தக் கணத்தை ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன்.

பிறகு மோட்டார்களை நிறுத்திவிட்டு, ஈயக்கட்டியை நடுவிலிருந்து எடுத்து இடது இறக்கையில் 36 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தேன். மொத்த எடை மாறவில்லை. திருகல் மட்டும் கூடியது. இடது இறக்கை நுனி நான்கு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. மிதவையின் மேல்விளிம்பைத் தண்ணீர் தொட்டது. அசலின் அளவில் அது அரை மீட்டர். இந்தச் சாய்வோடு ஏரியில் முழு வேகமெடுக்க முயல்வதை நினைத்தபோது, இரண்டு இன்ஜின், இரண்டு தண்டு, இரண்டு புரொப்பெல்லர் என்ற சிக்கலான அமைப்பைக் கஸ்தோல்தி ஏன் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இதே கஸ்தோல்தி, பின்னாளில் ஒற்றைப் புரொப்பெல்லர் கொண்ட மாக்கி சி.202 போர்விமானத்தைச் செய்தபோது, முறுக்கை ஈடுகட்ட இடது இறக்கையை வலதைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமாக வைத்தார். திருகலோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் அவர். 1942இல் அந்த சி.202 ரக விமானம் ஒன்றை ஓட்டும்போதுதான் அஜெல்லோவும் வானில் நேர்ந்த மோதலில் இறந்தார் என்பதைப் படித்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். தரையில் சீராக ஓடிய ஏ.எஸ்.6, வேகமெடுத்துப் பறக்கும்போது, கலவை சிலிண்டருக்குள் போகும் வழியிலேயே வெடிக்கும் பின்வெடிப்பால் திணறியது. வேகத்தில் உள்ளே புகும் காற்று எரிபொருள் கலவையை மெலிய வைத்ததே காரணம். அதைத் தீர்க்க உதவியவர் ராட் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேய எரிபொருள் வல்லுநர், 1931இல் எஸ்.6பியின் ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜினுக்கு எரிபொருள் கலந்து கொடுத்தவரும் அவரே. தோற்ற அணியின் விமானம் சாதனை படைக்க, வென்ற அணிக்கு உழைத்தவர் கை கொடுத்திருக்கிறார்.

சோதனை முடிந்து மாதிரியை நிறுத்துப் பார்த்தபோது 11 கிராம் கூடியிருந்தது. வலது மிதவைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. மிதவையை வெதுவெதுப்பான தண்ணீரில் அழுத்திப் பிடித்ததும், பின்காலின் அடியில், கம்பி நுழையும் துளையோரமாகச் சிறு குமிழிகள் வரிசையாக வந்தன. வண்ணம் அடிக்கும் அவசரத்தில் அந்தத் துளைக்கு எபாக்ஸி வைக்கத் தவறியிருக்கிறேன். மேற்புறம் 2 மில்லிமீட்டர் துளை ஒன்றிட்டுத் தண்ணீரை வடித்து, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, துளையோரத்தை அடைத்தேன். மேலே இட்ட துளையை மூடிவிடாமல், ரப்பர் வளையம் வைத்த ஒரு சிறு பித்தளைத் திருகைப் பூட்டியிருக்கிறேன். இடது மிதவைக்கும் அதேபோல் ஒன்று வைத்தாயிற்று. நேற்று மறுபடியும் அரை மணி நேரம் மிதக்கவிட்டு எடுத்து நிறுத்தேன்: 1.74 கிலோ.